ஜனவரி 1: எட்வர்ட் வெஸ்டன் நினைவு நாள்

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1958 ஜனவரி 1 அன்று மறைந்தார். இந்த முறை அந்த நாளில் குழுவில் அவர் படங்கள் மட்டும் போதும். 1930-இல் எடுத்த குடைமிளகாய்ப் படம் எல்லோருக்கும் தெரியும், வேறு ஏதாவது கொண்டு வாருங்கள்.

என் ஆசை அவருடைய அச்சுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது. 8-க்கு 10 அங்குல நெகட்டிவை நேராகத் தாளின்மேல் வைத்து, பெரிதாக்காமல் அதே அளவில் அச்சிடுவார். பார்க்கின்சன் நோயால் 1948-க்குப் பிறகு அவரால் படமெடுக்க முடியவில்லை. அப்புறம் அவர் மேற்பார்வையில் மகன் பிரெட் அச்சிட்டார். எட்வர்ட் மறைந்த பின் இன்னொரு மகன் கோல் அதே நெகட்டிவ்களிலிருந்து அச்சிட்டார். ஆக, சில படங்களுக்கு மூன்று பேர் போட்ட அச்சுகளும் உண்டு. விலையும் அதற்கேற்ப மாறும். இதே பிரெட், தன் சொந்த நெகட்டிவ்களில் பெரும்பாலானவற்றை 1991-இல் எரித்துவிட்டார்! தன் படங்களை வேறு யாரும் அச்சிடக் கூடாதாம். (அப்பா விஷயத்தில் மட்டும் வேறு நியாயம், பாருங்கள்.)

சரி, ஒரு வேண்டுகோள்: படம் பகிரும்போது எடுத்த ஆண்டோடு, அச்சிட்டவர் யார் என்பதும் தெரிந்தால் எழுதுங்கள்.