195 மீட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் இருமல் இப்போது எப்படி இருக்கிறது? போன தடவை போனில் பேசும்போது நடுவில் இரண்டு முறை நிறுத்தி இருமினாய். கேட்டதற்கு "தூசிம்மா" என்றாய். சரி. அதற்கப்புறம் மூன்று வாரமாகப் போன் இல்லை. வேலை அதிகம் போல என்று நானே நினைத்துக்கொள்கிறேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு நீ கோபமாகக் கிளம்பியது எனக்குப் புரிகிறது. "பாத்ரூம் போய் வரவே மூச்சு வாங்குற மனுஷனை சைக்கிள் மிதிக்கச் சொல்றீங்களே" என்று கத்தினாய். அப்பாவுக்காக இப்படித் துடிக்கிற பிள்ளையைப் பெற்றதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த பிசியோதெரபிப் பெண்ணின் முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். அவர் கையைப் பிடித்து நடக்க வைத்தவள் அவள்தான்.

அப்பாவின் பயிற்சி வகுப்பு இன்றோடு எட்டு வாரம் முடிந்தது. கடைசி நாள் என்று மறுபடியும் ஆறு நிமிட நடை வைத்தார்கள். 30 மீட்டர் வராந்தா, இரண்டு முனையிலும் ஒரு கூம்பு. போய்த் திரும்ப வேண்டும், எத்தனை மீட்டர் என்று எண்ணுவார்கள். வேகமெல்லாம் அவரவர் இஷ்டம், நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. முதல் நாள் அப்பா 130 மீட்டர் நடந்தார், மூன்று தடவை சுவரில் சாய்ந்தார். இன்று 195! ஒரே தடவைதான் நின்றார். 30 மீட்டர் கூடினாலே நல்ல முன்னேற்றமாம். நீ பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும், தம்பி.

நுரையீரல் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஊதும் டெஸ்டில் அதே அளவுதான் வருகிறது. தேறியது தொடை. உட்கார்ந்தே இருந்ததில் தொடைச் சதை வற்றிப்போயிருந்தது. வலுவில்லாத சதை நாலு எட்டிலேயே களைத்துவிடும், அதற்கு ஈடுகொடுக்க மூச்சு வேகமாக ஓடும். அப்பாவுக்கு மூச்சை வெளியே விடுவதில்தான் சிரமம். விட்டு முடிப்பதற்குள் அடுத்த மூச்சு வந்து சேரும். நெஞ்சு நிறையக் காற்று இருக்கும், ஆனாலும் மூச்சுக்குத் தவிப்பார். கால் வலுத்தால் அதே தூரத்துக்குக் குறைந்த மூச்சு போதும். அந்தப் பெண் இதைச் சொன்னபோது எனக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ பயந்த அந்த சைக்கிள் இப்படித்தான்: 30 வினாடி மிதிப்பார், 30 வினாடி ஓய்வு. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் இருக்கும், 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுவார்கள். 0 முதல் 10 வரை எண் போட்ட அட்டையை நீட்டுவாள், எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று அப்பா விரல் வைத்துக் காட்டுவார். பேச வேண்டியதில்லை. 4-க்கும் 6-க்கும் நடுவில் இருந்தால் சரி. மூச்சு வாங்குவதே ஆபத்து என்று நாம் இருவரும் நினைத்தோமே, அது இல்லையாம்.

நேற்று காலை அப்பா தானே சட்டை போட்டார். கையைத் தூக்கினால் அவருக்கு மூச்சு முட்டும், உனக்குத் தெரியும். ஒரு கையை நுழைத்துவிட்டு நின்றார், உதட்டைக் குவித்து, சூடு ஆற்றுகிற மாதிரி மெதுவாக ஊதினார், பிறகு அடுத்த கை. கடைசி பட்டனுக்கு என் கை தானாகப் போனது. "இரு" என்றார்.

இப்போது சொல்லிவிடுகிறேன். 14 மாதம் முன்னால் முதல் முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தோமே, அப்போதே டாக்டர் இந்தப் பயிற்சிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார், நான்கு வாரத்துக்குள் ஆரம்பியுங்கள் என்றும் சொன்னார். அந்தச் சீட்டை மடித்துப் பழைய பில்லுக்கெல்லாம் அடியில் டிராயரில் வைத்தவள் நான். அப்பாவிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. இந்த மனுஷனைப் போய் நடக்கச் சொல்கிறார்களே என்று நீ நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். எழுந்தால் "உட்காருங்க" என்றேன். தண்ணீரைக் கையில் கொடுத்தேன், பட்டன் போட்டுவிட்டேன். அந்தச் சதை என்னால் வற்றியது.

இரண்டாம் முறை சேர்த்தபோது வேறு டாக்டர். பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, "போன தடவையே எழுதியிருக்கே, ஏன் போகலை?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம், "எனக்குத்தான் சோம்பல் டாக்டர்" என்றார். வீட்டுக்கு வந்தும் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பயமானதைக் கண்டால் மடித்து உள்ளே வைத்துவிடுகிறேன், தம்பி. போன முறை துவைக்க எடுத்த உன் சட்டைப் பையில் இருந்ததையும் அதே டிராயரில்தான் வைத்தேன். நீயும் தேடவில்லை, நானும் பேசவில்லை. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. இருமல் எத்தனை நாளாக இருக்கிறது? ஒரு நாள் போய் அந்த ஊதும் டெஸ்டை எடுத்துவிடு. வலிக்காது, கொஞ்ச நேர வேலை. எடுத்துவிடு.

வகுப்பு முடிந்தது என்று அப்பா நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் சில மாதத்திலேயே பழையபடி ஆகிவிடுமாம். அதனால் தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கிறார். அந்த நேரத்தில் போன் செய்யாதே, பேச மூச்சு இருக்காது. ஆறரைக்குச் செய். 195 என்று அவரே சொல்லட்டும், உனக்கு முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா