வீட்டில் எத்தனை பேர்

அன்புள்ள பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினபோது உனக்குப் பின்னால் கதவுக் கொளுக்கி வெறுமையாக இருந்தது. மருமகனின் நீல ஜாக்கெட் எப்போதும் அங்கேதானே தொங்கும். கழுவப் போட்டிருப்பீர்கள். சரி, அதை விடு.

வேலையை விட யோசிப்பதாகச் சொன்னாய். காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தேன். பிரசவக் கிழமைக்கு முந்தின 15ஆவது கிழமையை நீ வேலையில் இருந்தபடியே தாண்டிவிட்டாய். இனி விட்டாலும் பிரித்தானியச் சட்டப்படி கம்பனி உனக்கு மகப்பேற்றுச் சம்பளம் தந்தே ஆக வேண்டும். மொத்தம் 39 கிழமை. முதல் 6 கிழமைக்குச் சம்பளத்தில் 90 வீதம். ஆனால் பிள்ளை பிறந்தபின் புது இடத்தில் சேர்ந்தால் அது நின்றுவிடும், அவசரப்படாதே. இதெல்லாம் என்னைவிட உனக்குத் தெரியும். பத்து வயதிலேயே எனக்கு வந்த ஃபோம் எல்லாம் நிரப்பினவள் நீ.

சம்பளம் குறைந்தால் நீங்கள் இருவரும் சேர்ந்து எடுக்கிற யூனிவேர்சல் கிரெடிட், அந்த அரசாங்க உதவிக்காசு, தானாகக் கூடும். சம்பளக் கணக்கு அவர்களுக்கு நேரே போய்விடும். வீட்டில் ஆள் கூடினதும் குறைந்ததும் அப்படிப் போகாது. நாம்தான் இணையக் கணக்கில் இருக்கிற ஜேர்னலில் எழுத வேண்டும். பொதுவாகச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டுக்குக் கவுன்சில் டக்ஸ் என்கிற வீட்டு வரியில் 25 வீதம் கழிவு உண்டு. அதுவும் பொதுவாகத்தான்.

எதுவானாலும் உடனே எழுதிவிடு. எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே எழுது. பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாத அளவுக்கு என்ன இருக்கிறதோ, தெரியாது.

நான் மட்டும் சொன்னேனா? 2019இல் அப்பம்மாவைப் பராமரிக்கிறதற்கு அரசாங்கம் தருகிற கெயரர் காசு எடுத்தேன். அதை எடுத்தால் அப்போது கிழமைக்கு 123 பவுணுக்கு மேல் உழைக்கக் கூடாது. கடையில் சம்பளம் கூட்டினார்கள், 126 ஆயிற்று. மூன்று பவுண்தானே என்று பேசாமல் இருந்தேன். மூன்றையா கேட்டார்கள்? கிழமைக்கு 66.15 முழுவதையும் திருப்பிக் கேட்டார்கள். வருடக் கணக்கு 3,400ஐத் தாண்டியது. கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். உன் கலியாணத்தின்போது அப்பம்மாவின் காப்பு எங்கே என்று கேட்டாய். லொக்கரில் என்றேன். இல்லை, பிள்ளை. விற்றுத்தான் கட்டினேன். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், எழுதிவிடு.

சரக்குத்தூள் இடித்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பவா, ரயிலேறி லீட்ஸுக்கு நானே கொண்டு வரவா? வந்தால் சின்ன அறையில் படுத்துக்கொள்வேன். அங்கே மருமகனின் சைக்கிள் இன்னும் நிற்கிறதா?

அம்மா