முத்திரை எங்கள் பட்டறைக்கு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் பதினெட்டு ஆண்டுகளாக ஃப்ளஷ் கதவு, அதாவது இருபுறமும் தட்டையாக இருக்கும் மரக்கதவு செய்யும் பட்டறை நடத்தி வருகிறேன். பிளைவுட்டுக்கும் ஃப்ளஷ் கதவுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய தரக் கட்டுப்பாட்டு ஆணை 2025 பிப்ரவரி 28 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறு, குறு தொழில்களுக்குச் சில மாதங்கள் கூடுதல் அவகாசம் கிடைத்தது. இறக்குமதிச் சரக்குக்கும் அதே விதிதான். வெளிநாட்டு ஆலையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்று, இங்கே ஒரு பிரதிநிதியை நியமித்து, 10,000 டாலருக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்த பின்னரே தன் பலகையை இந்நாட்டில் விற்க முடியும். ஏட்டில் இருக்கும் இந்தச் சமநிலை கடைத்தெருவில் இல்லை என்பதே என் குறை.

சென்ற மாதம், சத்துவாச்சாரியில் வீடு கட்டும் ஒருவர், வேறு கடையில் 'வாட்டர்புரூஃப், வெளிநாட்டுச் சரக்கு' என்று சொல்லிக் கொடுத்த பலகையின் துண்டோடு வந்து, உங்களிடம் மட்டும் சதுர அடிக்கு இருபது ரூபாய் ஏன் கூடுதல் என்று கேட்டார். பலகையின் மேல், பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலையின் எண்ணான 'ஐ.எஸ். 303' அச்சாகி இருந்தது. அதனுடன் இருக்க வேண்டிய, சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இல்லை. கையகலத் துண்டாக அறுத்து, ஆட்களுக்குத் தேநீர் போடும் அடுப்பிலேயே கொதிநீரில் போட்டோம். ஒரு மணி நேரத்தில் ஓரம் வாய் பிளந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் அடுக்குகள் சீட்டுக்கட்டைப் போலக் கையோடு வந்துவிட்டன. மரைன் பிளைவுட் 72 மணி நேரம் கொதிநீரைத் தாங்க வேண்டும் என்கிறது அதற்கான தரநிலையான ஐ.எஸ். 710. அந்த அளவுக்குக்கூட நான் போகவில்லை. கொதிநீரில் விட்டுவிடும் யூரியா பசையில் ஒட்டியதை, கொதிநீரையும் தாங்கும் பீனாலிக் பசையில் ஒட்டியதாகச் சொல்லி விற்கிறவரோடு விலையில் போட்டியிட என்னால் எப்படி முடியும்? உரிம எண் இல்லாத பலகை எந்த ஆலையில் செய்தது என்று பிடிக்கவும் வழியில்லை.

எங்களுக்குச் சலுகையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குறுந்தொழில்களுக்கு ஆண்டு முத்திரைக் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி உண்டு. பட்டறைக்குள்ளேயே ஆய்வகம் வைத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் தளர்ந்திருக்கிறது. ஆனால் வெளி ஆய்வகம் என்றால் எங்களுக்குச் சென்னை, அல்லது பெங்களூரு. கதவை வண்டியேற்றித் தரமணிக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை சரக்கை அடுக்கி வைத்துக்கொண்டு, வங்கி வட்டியையும் கட்டுகிறோம்.

ஆணையையே எடுத்துவிடலாம் என்ற பேச்சும் காதில் விழுகிறது. பாலியஸ்டர் மூலப்பொருள்கள் சிலவற்றுக்கான ஆணைகள் 2025 நவம்பரில் விலக்கப்பட்டதை அதற்கு உதாரணம் காட்டுகிறார்கள். அது ஆலைக்குள் போகிற பொருள். அங்கே வாங்குகிறவருக்குச் சோதித்துப் பார்க்கத் தெரியும். கதவும் பலகையும் நேரே வீட்டுக்குள் போகின்றன.

முத்திரையின்றி விற்பவருக்கு முதல் குற்றத்துக்கே 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் விதிக்க 2016ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டத்தில் இடமிருக்கிறது. எங்கள் பட்டறைக்கு வரும் ஆய்வாளர்கள், பெங்களூரு சாலையில் உள்ள கிடங்குகளுக்கும் அதே பதிவேட்டுடன் போக வேண்டும். துறைமுகத்திலேயே உரிம எண்ணைச் சரிபார்த்து, அதன் பிறகே சரக்கை விடுவிக்க வேண்டும். ராணிப்பேட்டை சிட்கோவில் வேலூர், திருப்பத்தூர் பட்டறைகளுக்கும் சேர்த்து மரப்பொருள்களுக்கென ஒரு பொது ஆய்வகம் அமைத்துத் தந்தால், அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஃப்ளஷ் கதவுத் தயாரிப்பாளர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.