பட்டியல் அனுப்பும் முன் ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்ததும் எங்கள் பழைய காமிக்ஸ் கடையின் வாட்ஸ்அப்பில், நீங்கள் வாங்க விரும்பும் இதழ்களின் பட்டியல்கள் வரத் தொடங்கும். பொங்கல் வரை ஓயாது. விடுமுறையில் உட்கார்ந்து படிக்க, அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணனிடம் சொல்லி வாங்க, அறுபது வயதைத் தொடும் அப்பாவுக்குப் பரிசு கொடுக்க என்று ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தனித்தனியாகப் பதில் எழுதும் முன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு இதழின் பெயருக்குப் பக்கத்திலும் 'படிக்க' அல்லது 'சேர்க்க' (சேகரித்து வைக்க) என்று எழுதிவிடுங்கள். அது தெரியாவிட்டால் ஒரே இதழுக்கு நாங்கள் நூறு ரூபாயும் சொல்லலாம், பல ஆயிரமும் சொல்லலாம். இரண்டுமே நியாயமான விலையாக இருக்கும், வாங்குகிறவருக்குத்தான் தலை சுற்றும்.

பட்டியலின் உச்சியில் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழைப் போடுகிறவர்கள் உண்டு. சூப்பர்மேன் அறிமுகமான 1938ஆம் ஆண்டு இதழ் அது. அன்றைய விலை 10 சென்ட். 2024இல் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்த 1962ஆம் ஆண்டின் அமேசிங் ஃபேண்டஸி 15க்கு, 2021இல் ஒரு பிரதிக்கு 36 லட்சம் டாலர். ஆசைக்கு எழுதி வைப்பதில் தவறில்லை. ஆனால் இவை அல்சூரில் எங்கள் கடையிலும் கிடைக்காது, பழைய புத்தகத்துக்குப் பேர்போன அவென்யூ ரோட்டிலும் கிடைக்காது.

அந்த விலைகளில் இதழின் பெயருக்கு எவ்வளவு பங்கோ, பிரதியின் நிலைமைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அமெரிக்காவில் சி.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு பிரதியையும் பக்கம் பக்கமாகப் பார்த்து, 0.5 முதல் 10 வரை புள்ளி போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துத் தருகின்றன. நான் சொன்ன 60 லட்சம் டாலர் பிரதிக்கு 8.5 புள்ளி. 36 லட்சம் போன பிரதிக்கு 9.6. அட்டை மூலை லேசாக மடங்கியிருந்தாலும் புள்ளி இறங்கும். உறையை உடைத்து எடுத்துப் படித்தால் அந்தப் புள்ளிக்கு மதிப்பே இல்லை. அப்புறம் மறுபடியும் அனுப்பி, மறுபடியும் பணம் கட்டிப் புள்ளி வாங்க வேண்டும். சீல் வைத்த பிரதி கேட்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் ஆக்‌ஷன் முதல் இதழை மலிவாகப் பிடித்து வந்தால், குதிக்கும் முன் ஒரு ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்கள். 1974இல், அதை வெளியிட்ட டி.சி. நிறுவனமே அந்த இதழை விளம்பரங்கள் உட்பட அப்படியே பெரிய அளவில் மறுபதிப்பு செய்தது. மறுபதிப்பு என்று மேலட்டையில் தெரியும்படி போட்டும் இருந்தது. அந்த மேலட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது அசல் போலவே தெரியும். கழற்றிவிட்டு ஒரிஜினல் என்று விற்றவர்களும் இருந்தார்கள். அளவுதான் காட்டிக்கொடுக்கும். மறுபதிப்பு ஏறக்குறைய 10 அங்குல அகலம், 13.5 அங்குல உயரம். ஒரிஜினல் அதைவிட நன்றாகவே சிறியது.

இன்கிரெடிபிள் ஹல்க் 181ஐயும் பலர் கேட்கிறார்கள். எக்ஸ்-மென் கதைகளில் வரும் வூல்வரின் முதன்முதலாக முழுதாகத் தலைகாட்டிய 1974ஆம் ஆண்டு இதழ். அதன் உள்ளே தபால்தலை போல ஒரு சிறு படம் அச்சாகியிருக்கும். வெட்டி எடுத்துச் சேர்க்கச் சொல்லி அச்சடித்தது அதை வெளியிட்ட மார்வெல் நிறுவனம்தான்; பிள்ளைகளும் சமர்த்தாக வெட்டிவிட்டார்கள். அந்த ஓட்டை விழுந்த பிரதியின் விலை பாதாளத்துக்குப் போய்விடும். அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பவருக்கு அதுவே சரி, ஆனால் அதையும் மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாரிடம் வாங்கினாலும் அந்தப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, கைக்கு எட்டுவதைப் பார்ப்போம். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் எங்களுக்கு அவ்வப்போது வருகிறது. முதல் இதழே காட்டில் வாழும் முகமூடி வீரர் ஃபேண்டமின் கதை, விலை 60 காசு. 1990இல் நிற்கும்வரை 800க்கு மேல் இதழ்கள். எழுபதுகளின் கடைசியிலிருந்து வந்தவை சுலபமாகக் கிடைக்கும். பி. கோவிந்த் அட்டை வரைந்த ஆரம்ப இதழ்களுக்குத்தான் போட்டி. அவற்றின் பின்னட்டையில் முழுப்பக்கப் படம் இருக்கும், அதைக் கிழித்துச் சுவரில் ஒட்டாத வீடு குறைவு. பின்னட்டையோடு வேண்டுமா, இல்லாவிட்டாலும் பரவாயில்லையா என்று எழுதுங்கள். அமர் சித்திர கதையில் 1 முதல் 10 வரை கேட்கிறவர்களுக்கு: புகழ்பெற்ற 'கிருஷ்ணா' 11ஆம் எண். அதற்கு முந்தைய பத்தும் மேல்நாட்டுச் சிறுவர் கதைகள், கன்னடத்தில் வந்தவை. அவற்றைத் தேட பெங்களூரைவிட நல்ல ஊர் இல்லை. ஆனாலும் லேசில் சிக்குவதில்லை.

தமிழுக்கு வருகிறேன், எங்கள் கடையின் உயிர் இதுதான். சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது, முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. பட்டியலில் 'மாயாவி, பழசு' என்று மட்டும் எழுதினால் எங்களுக்குப் புரியாது. முத்துவில் மாயாவி என்றால் மின்சாரம் பாய்ந்தால் மறைகிற இரும்புக்கைக்காரர். ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் ஃபேண்டம். இதழின் தலைப்பும், முடிந்தால் எண்ணும் வேண்டும். மும்மூர்த்திகளின் (இரும்புக்கை மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ) கதைகள் பலவும் மறுபதிப்பாக வந்துவிட்டன, காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரிலும் பிறகும். படிக்க என்றால் தயங்காமல் மறுபதிப்பை வாங்குங்கள்; தாளும் அச்சும் பழையதைவிட மேல். எழுபதுகளின் ஒரிஜினலுக்குப் பணம் கொடுப்பது அந்தக் காலத்துத் தாளுக்கும் விளம்பரத்துக்கும்தான்.

லயனில் வந்த ஸ்பைடர் கதைகளை இன்னும் யாரும் போதிய அளவு மதிப்பதில்லை என்பது என் எண்ணம். கூர்மண்டையர் என்று நாம் கிண்டல் செய்யும் அந்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் வேறு) பிரிட்டனின் லயன் வார இதழில் பிறந்தவர். டெட் கோவன் தொடங்கி வைத்த அந்தத் தொடரைப் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். ஆக்‌ஷன் முதல் இதழ் வாங்க முடியாதே என்று ஏங்குகிறவர்கள் அதே பேனாவின் கதையைத் தமிழில் வாங்கலாம். இந்த ஆண்டு என் சிபாரிசு அதுதான்.

பைண்டு செய்த தொகுப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வரும் தமிழ் காமிக்ஸில் பெரும்பகுதி பெங்களூரின் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை, ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலை பக்கத்து வீடுகளிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் வருவது. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துத் தைத்து, காலிகோ துணி ஒட்டிய தடித்த அட்டை போட்டிருப்பார்கள். பைண்டர் மூன்று பக்கமும் ஓரம் வெட்டியிருப்பார். சில பக்கங்களில் வசன பலூனின் கடைசி எழுத்தும் சேர்ந்து போயிருக்கும். முதுகோரம் ஊசித் துளைகள். முதல் பக்கத்தில் வாடகை நூலகத்தின் ஊதா ரப்பர் ஸ்டாம்ப், அதன் கீழே பால்பாயின்ட் பேனாவில் யாரோ ஒரு பையனின் பெயரும் வகுப்பும். சேர்ப்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், விலையும் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். ஆனால் தைத்து வைத்ததால்தான் அவை எடைக்குப் போகாமல் தப்பின. தயவுசெய்து வாங்கியபின் பிரித்துத் தனித்தனி இதழாக்காதீர்கள். தையலை அறுத்தால் முதுகு கிழியும், வெட்டிய ஓரம் வளராது. தனி இதழ்தான் வேண்டும் என்றால் காத்திருங்கள்.

வாங்கியதைப் பாதுகாக்கவும் ஒரு வார்த்தை. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், அட்டையை லேமினேஷன் செய்யாதீர்கள். அந்தத் தாள் மலிவான செய்தித்தாள் ரகம், அமிலத்தால் தானாகவே பழுத்து உதிரும். வெயிலும் ஈரமும் அதை வேகப்படுத்தும். பாலிப்ரொப்பிலீன் உறை போதும், பி.வி.சி. உறை வேண்டாம். பீரோவின் அடித்தட்டில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் ஸ்டேபிள் துருப்பிடிக்கும், அட்டையில் வட்டமாகக் கறை இறங்கும்.

கடை நடைமுறை வழக்கம்போலத்தான். டிசம்பர் 15க்குள் வரும் பட்டியல்களுக்கு மாத முடிவுக்குள் பதில் சொல்வோம். இல்லாததை இல்லை என்று சொல்லிவிடுவோம், வரும் வரும் என்று இழுக்க மாட்டோம். ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும் இதழ் என்றால் முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கம், ஸ்டேபிள் நான்கின் படத்தையும் அனுப்பிய பிறகே அட்வான்ஸ் வாங்குவோம். அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதற்குக் கூரியரும் சுங்கமும் தனி, அந்தத் தொகையை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல எங்களால் முடியாது. பொங்கலுக்கு மூன்று நாள் கடை விடுமுறை. பழைய தொகுப்பை விற்க நினைப்பவர்கள் தூசு தட்டிச் சுத்தம் செய்ய மெனக்கெட வேண்டாம், இருக்கிறபடியே கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பழைய காமிக்ஸ் கடை
அல்சூர், பெங்களூரு