செட்டிங்கில் கை வைக்கும் முன்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் கிடக்கிறது. சாயங்காலமானால் பாதி ஊர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. திண்டுக்கல் என்ன தூரமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா.

காலேஜ் மெயில் சர்வர் உன் பொறுப்புக்கு வந்துவிட்டது, மெயில் போகவில்லை என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். செட்டிங்கில் கை வைக்காதே. முதலில், மெயிலை வாங்கிக்கொள்ளும் எதிர் சர்வரோடு, சர்வர்கள் மெயில் கொடுத்து வாங்கும் எஸ்எம்டிபி மொழியில் நீயே பேசிப் பார்.

போன மாதம் கீழமாசி வீதியில் ஒரு வத்தல் மொத்தக்கடை. கொச்சியில் சரக்கு வாங்குகிற ஒருவருக்கு அனுப்பும் பில் மட்டும் போய்ச் சேரவில்லை. நெட் ஸ்லோ, ஸ்பாமில் விழுகிறது, பாஸ்வேர்டு மாறிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம். நான் கடையின் சர்வரிலேயே லாகின் செய்து, டிக் கட்டளை போட்டு அவருடைய எம்எக்ஸ், அதாவது அவர் மெயிலை வாங்கும் சர்வர், எது என்று பார்த்தேன். இன்னொரு மெஷினோடு கீபோர்டிலேயே பேச உதவும் டெல்நெட்டில் அதன் 25ஆம் போர்ட்டுக்கு, மெயில் சர்வர்கள் ஒன்றையொன்று கூப்பிடும் வாசலுக்கு, போனேன். 220 என்று வரவேற்றது. வணக்கம் சொல்லும் கட்டளையான எஹ்லோ அடித்து நம் சர்வர் பெயரைச் சொன்னேன், 250, அதாவது சரி. மெயில் ஃப்ரம் அடித்து அனுப்புகிறவர் முகவரியைக் கொடுத்தேன், அதற்கும் 250. ஆர்சிபிடி டூ அடித்து கொச்சிக்காரர் முகவரியைக் கொடுத்ததும் 450, பிறகு வா என்றது. கொஞ்ச நேரம் விட்டு அதே வரிகளை மறுபடி அடித்தேன். இப்போது 250.

விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. 4இல் தொடங்கும் எண் தற்காலிக மறுப்பு, 5 என்றால் முடியவே முடியாது. இது கிரேலிஸ்டிங். முன்பின் தெரியாத சர்வரை முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டு, ஒழுங்கான சர்வர் என்றால் மறுபடி வரட்டும் என்று பார்ப்பார்கள். கடையின் பில்லிங் சாஃப்ட்வேர் நேராக எதிர் சர்வருக்கே அனுப்புகிறது, 450 வந்ததும் அந்த மெயிலை அப்படியே கைவிட்டுவிடுகிறது. பில்லை அதே மெஷினில் இருக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் சாஃப்ட்வேரிடம் கொடுக்கும்படி மாற்றினேன். அது க்யூவில் வைத்துக்கொண்டு, நாம் எதையும் மாற்றாவிட்டால், 5 நாள் வரை விடாமல் முயலும். அன்று மத்தியானமே கொச்சியிலிருந்து பில் வந்துவிட்டது என்று போன்.

ஆர்சிபிடி தாண்டிவிட்டால் டேட்டா அடி, 354 வரும். ஃப்ரம், டூ, சப்ஜெக்ட் வரிகள், பிறகு ஒரு வெற்று வரி, அப்புறம் விஷயம். முடிந்ததும் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. இப்போது 250 வந்தால் அந்த மெயிலுக்கு எதிர் சர்வர் பொறுப்பேற்றுவிட்டது. கூடவே பெரும்பாலும் ஒரு க்யூ எண் வரும், அதைக் குறித்து வை. 'எங்களுக்கு வரவே இல்லை' என்று அவர்கள் சொன்னால் அந்த எண்ணைக் காட்டிக் கேட்கலாம். இன்னொன்று: மெயில் ஃப்ரமில் கொடுப்பது கவர் மேல் எழுதும் முகவரி மாதிரி, உள்ளே வரும் ஃப்ரம் வரி வேறு. இந்தப் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப் பார்ப்பது கவரைத்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஹ்லோ பிறகு வந்தது, அப்போது ஹெலோ. மற்றபடி 1982இல் ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 821 என்ற இணைய விதி ஆவணத்தில் எழுதி வைத்த வார்த்தைகள்தான் இவ்வளவும். இன்றைக்கும் கீபோர்டில் அடித்தால் சர்வர் பதில் சொல்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வரும்.

காலேஜ் ஆட்கள் லாகின் செய்து அனுப்புவது 587ஆம் போர்ட் வழியாக இருக்கும். அங்கே பேச்சை டிஎல்எஸ் பூட்டுப் போட்டு அனுப்ப வேண்டும், அதற்கு டெல்நெட் போதாது. ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்டை ஸ்டார்ட்டிஎல்எஸ் ஆப்ஷனோடு ஓட்டு. அதில் ஒரு பொறி உண்டு. வரி பெரிய எழுத்து 'ஆர்'இல் தொடங்கினால், அதைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டு டிஎல்எஸ் பேச்சை மறுபடி தொடங்கப் பார்க்கும். ஆர்சிபிடி சர்வருக்குப் போகவே போகாது. சின்ன எழுத்தில் அடி, சர்வருக்கு இரண்டும் ஒன்றுதான். லாகின் செய்யும் கட்டளையான ஆத் லாகினுக்கு யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் பேஸ்64 என்ற வேறு எழுத்து வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றும்போது எக்கோ கட்டளை வேண்டாம், கடைசியில் ஒரு புதுவரியை ஒட்டிவிடும், சரியான பாஸ்வேர்டுக்கே 535, லாகின் தப்பு என்று வரும். பிரிண்ட்எஃப் போடு.

வீட்டு பிராட்பேண்டிலிருந்து முயலாதே. 25ஐப் பல கம்பெனிகள் அடைத்து வைத்திருக்கின்றன. அடைக்காவிட்டாலும் எதிர் சர்வர் உன் வீட்டு ஐபியைப் பார்த்துத்தான் பதில் சொல்லும், காலேஜ் ஐபிக்கு என்ன சொல்கிறது என்று தெரியாது. காலேஜ் சர்வரிலேயே உட்கார்ந்து பார். எந்த வரியில் நிற்கிறதோ அந்தப் பதிலை எண்ணோடு முழுசாக எனக்கு அனுப்பு. ஆத் வரிகளை மட்டும் அழித்துவிடு. பேஸ்64 பூட்டு கிடையாது, பார்க்கிறவர் யாரும் திருப்பிப் படித்துவிடலாம்.

அம்மாவை நான் ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுக்காரன்,
மதுரை