சின்னப்பிள்ளைகள் படிக்க முற்றம் வைத்த ஒரு வளவு கட்டுகிறோம், கை கொடுங்கள்

ஊராருக்கும், சென்னை, சிங்கப்பூர், மலேசியா என்று வெளியூரில் இருக்கும் நம் சொந்தங்களுக்கும் பள்ளிக்கூடக் கட்டடக் குழுவின் வணக்கம்.

நம் ஊர்ச் சின்னப்பிள்ளைகள் இன்னமும் தகரக் கொட்டகையில்தான் படிக்கிறார்கள். போன பங்குனியில் ஒரு நாள் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தோம். ஒரு பிள்ளை எழுதி முடித்துக் கையைத் தூக்கினால், வேர்வையில் நோட்டுத் தாளும் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மழை வந்தாலோ தகரத்துச் சத்தத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கே டீச்சர் குரல் கேட்காது.

கான்கிரீட் தளம் போட்டு ஏசி மாட்டிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டோம். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் உள்ளே இறக்கும், கரண்டு பில்லோ மாதாமாதம் வரும்.

நம் ஆச்சி வீட்டு வளவில் உச்சி வெயிலில் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறோமே, அந்தக் குளிர்ச்சிக்குக் கரண்டா செலவானது? கிழக்கு மேற்காக நீண்ட வீடு, அதனால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகின சுவரில்தான் விழும். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று முற்றத்து வழியே மேலே போகப் போக நிழல் பக்கத்து ஜன்னலில் புதுக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். இதையேதான் பிள்ளைகள் அளவுக்குக் கட்டப்போகிறோம்.

ஜன்னல்கள் நாலு வயசுப் பிள்ளை நின்று எட்டிப் பார்க்கிற உயரத்தில் இருக்கும். திண்ணையில் பல்லாங்குழியும் ஆடுபுலிக் கட்டமும் வெட்டிவிடுவோம், தாழ்வாரத்தில் பாண்டிக் கட்டம் ஆத்தங்குடிக் கல்லிலேயே வரும். கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது, சூளையில் சுட வேண்டியதே இல்லை. முற்றத்துக் கூரைத் தண்ணீர் நாலு மூலையிலும் தொட்டியில் கொட்டும், மழை பெய்தால் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். மேற்கே வேம்பும் புங்கையும் வைக்கிறோம்.

காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வர வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நாங்கள் அப்படிப் பெரிதாகக் கேட்கவில்லை. குடும்பத்தை ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுக் கோயிலுக்குப் புள்ளி வரி கொடுப்பது மாதிரி புள்ளிக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், நூறு ரூபாயானாலும் சரி. வரவு செலவை மாதாமாதம் கோயில் வாசல் பலகையில் ஒட்டுவோம்.

அப்புறம் இன்னொன்று, இதை மனசார வேண்டிக் கேட்கிறோம். பழைய வீட்டைப் பிரிக்கிறவர்கள் தூண், நிலை, ஜன்னல், நாட்டு ஓடு எல்லாவற்றையும் மொத்தமாக வியாபாரிக்குத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் அப்பச்சி சாய்ந்து உட்கார்ந்த தேக்குத் தூணில் நாளைக்கு ஒரு பிள்ளை சாய்ந்து கதை கேட்கும். தை பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறோம், அதற்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வண்டி நாங்களே கொண்டுவருகிறோம்.