ஐயாவின் சொப்பின் பை

வட்டக்கச்சி
மார்கழி

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. அங்கே பனி கொட்டுகிறது என்கிறாய். இங்கே மழை விடவேயில்லை. நெல்லு குடலை கட்டுகிற நேரம். இரணைமடு வான்கதவு திறந்தாயிற்று என்று சனம் மோட்டார் சைக்கிளில் பார்க்கப் போகிறது. தங்கச்சியின் மனுசன் வரம்பிலேயே குடியிருக்கிறார். அம்மா சுகம், முழங்கால் நோவைத் தவிர.

ஐயா காலமான பிறகு அவரின் காணி, காசு அலுவலெல்லாம் முடிந்ததா, விபரமாக எழுது, உன் அப்பாவுக்கும் வயது போகிறது என்று கேட்டிருந்தாய். பாதி முடிந்தது. முடியாத பாதியைத்தான் நீ கவனமாக வாசிக்க வேண்டும்.

ஐயா மரணசாதனம், அதாவது உயில், எழுதி வைத்திருந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அந்திரட்டி முடிந்து அலுமாரியைத் துப்பரவாக்கும்போதுதான் அகப்பட்டது. அந்தச் சொப்பின் பையை நீயும் கண்டிருப்பாய். இடம்பெயர்ந்த இடமெல்லாம் அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தது, முள்ளிவாய்க்காலுக்கும் மனிக் பாம் முகாமுக்கும் போய் வந்தது. உள்ளே பளைக் காணியின் உறுதிப்பத்திரம், வயலுக்கு அரசாங்கம் தந்த பேமிற் என்கிற அனுமதிப்பத்திரம், எங்கள் பிறப்புப் பதிவுகள். பங்கருக்குள் தாட்டு வைத்ததில் உறுதியின் ஒரு மூலை மண்ணிறமாகி, தொட்டால் உதிருகிறது. அதற்கு மேலே புதுத்தாளில் மரணசாதனம். மீளக் குடியேறிய பிறகு எழுதியிருக்கிறார்.

உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவர், சாட்சி இருவர் என்று ஒழுங்காகச் செய்திருந்தார். நொத்தாரிசு இல்லாமலும் எழுதலாம், ஆனால் ஐந்து சாட்சிகள் வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கொப்பித்தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும் என்று எங்கள் சனம் நினைக்கிறது. அது கோட்டில் எடுபடாது.

அதில் இரண்டு விசயம் எழுதியிருந்தார். பளையில் உள்ள முதுசக் காணி தங்கச்சிக்கு. வட்டக்கச்சி வயலும் மேட்டுக்காணியும் தங்கச்சிக்கு. என்னை நிறைவேற்றுநராகப் போட்டிருந்தார். மூத்தவள், படிப்பித்தவள், கந்தோர் ஏறி இறங்கக் கூடியவள் என்று நினைத்திருப்பார்.

பளைக் காணிக்கு மாவட்ட நீதிமன்றத்தில், மரணசாதனத்தை ஏற்கச் சொல்லி, ரெஸ்ரமென்ரறி வழக்குப் போட்டோம். மனுவோடு மரணசாதனத்தின் மூலப்பிரதி, மரணச் சான்றிதழ், உரித்தாளர்களின் பெயர்கள், சொத்து விபரம், கடன் விபரம், எல்லாவற்றுக்கும் சத்தியக்கடதாசி. பிறகு மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் விளம்பரம், ஆட்சேபனை உள்ளவர்கள் வரலாம் என்று. ஆங்கிலப் பத்திரிகையில் ஐயாவின் பெயரைப் பார்த்து அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பெரிய வில்லங்கம் பெயரில்தான் வந்தது. உறுதியில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறெழுத்து, என் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இன்னொரு விதம். மூவரும் ஒரே ஆள்தான் என்று நானும் கிராம சேவையாளரும் மாறி மாறிச் சத்தியம் பண்ணினோம். சட்டத்தரணி கெட்டிக்காரர், ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் கை நீட்டினார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. அதிகாரம் கிடைத்து, தங்கச்சி பெயருக்கு உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்று. ஷெல்லில் தலை போன தென்னைகளுக்கு நடுவே புதுக்கன்று வைத்திருக்கிறாள்.

வங்கிக் காசு இன்னும் லேசு. ஐயா அம்மாவை நியமனதாரியாக எழுதியிருந்தார். மரணச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் காட்டிக் காசை எடுத்தோம். கோட்டுப் படி ஏறத் தேவையில்லை.

இனி வயல். மரணசாதனத்தில் என்னதான் எழுதினாலும் பேமிற் காணிக்கு அது செல்லாது, மலர். வன்னியில் எங்கள் ஆட்களின் காணியில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச காணி. அதற்கு எங்கள் ஆட்களின் வழமைச் சட்டமான தேசவழமையும் இல்லை, மரணசாதனமும் இல்லை. கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்தான தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கு மீதி பிள்ளைகளுக்கு என்ற கணக்கெல்லாம் உறுதிக் காணிக்கு மட்டும்தான். பேமிற் காணி நீதிபதியிடம் போகாது, பிரதேச செயலகத்துப் பேரேட்டின்படி போகும். அந்தப் பேரேட்டில் பின்னுரித்தாளர் என்று யார் பெயர் பதிந்திருக்கிறதோ அவருக்கு. மனைவி இருந்தால் முதலில் அவர். சீவிய காலம் வரைக்கும் அனுபவிக்கலாம், விற்க முடியாது, தான் விரும்பிய ஆளின் பெயரை எழுதவும் முடியாது.

அந்தப் பேரேட்டில் ஐயா என் தம்பியின் பெயரைப் பதிந்திருக்கிறார். நாங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எழுதியது. நீல மையில் முழுப்பெயர், பக்கத்தில் “மகன்”.

2009இல் வட்டுவாகல் பாலத்தடியில் கடைசியாகக் கண்ட தம்பியின் பெயர்.

கந்தோரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, எங்கள் பக்கத்து ஊர்தான். “அம்மா இருக்கும்வரைக்கும் பிரச்சினை இல்லை அக்கா. அதுக்குப் பிறகு உங்கட தம்பிக்குத்தான் போகும். அவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்து வையுங்கோ” என்றாள். 2010இல் வந்த சட்டத்தின் கீழ் அப்படி எடுக்கலாம். 2016இல் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் ஒரு சான்றிதழ் தருவதற்கும் வழி செய்தார்கள். “அதையாவது எடுங்கோ” என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அம்மா 2017 மாசி தொடக்கம் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் மற்றத் தாய்மாரோடு போய் இருப்பவர், கால் ஏலாத நாளிலும் பஸ் பிடிப்பவர். “இஞ்ச அவனைத் தாவெண்டு ரோட்டில இருந்துபோட்டு, அங்க போய் அவனுக்குச் சேட்டிபிக்கற் கேக்கிறதோ?” என்றார். அதற்குமேல் நான் கதைக்கவில்லை.

உண்மையில் எனக்கு ஐயாவில்தான் கோபம். உயிரோடு இருக்கும்போது அவர் போய் ஒரு படிவம் நிரப்பித் தங்கச்சியின் பெயரைப் பதிந்திருக்கலாம். முன்பு எழுதியதை இரத்துச் செய்து மாற்றச் சட்டத்தில் தடையில்லை. இறப்பதற்கு முன் பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கிராம சேவையாளர் அவருக்குப் பல தடவை சொன்னதாகப் பிறகுதான் அறிந்தேன். “அவன்ர பேரை என்ர கையால வெட்டச் சொல்லுறீரோ தம்பி?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனாராம். செல்லாத மரணசாதனத்தில் வயலைத் தங்கச்சிக்கு எழுதிவிட்டு, செல்லுகிற பேரேட்டில் மகனை அப்படியே விட்டிருக்கிறார். செல்லாது என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று சில நேரம் யோசிப்பேன். தெரிந்துதான் செய்திருப்பார் என்று படுகிறது. கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கும், ஆனால் போகாது. அந்த மண்ணில் முதுகு வளைக்கிறது தங்கச்சியின் மனுசன்.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. முன்பு பின்னுரித்து வரிசையில் ஆண்பிள்ளைகளுக்குப் பிறகுதான் பெண்பிள்ளைகள். 2022இல் சட்டத்தைத் திருத்தி அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். நல்ல விசயம், இத்தனை வருசம் பெண்கள் கேட்டது. ஆனால் எங்கள் வீட்டில் அதன் பலனைப் பார். அம்மாவுக்குப் பிறகு தம்பியின் உரித்துச் செல்லாமல் போனால், அடுத்தது மூத்த பிள்ளை, அதாவது நான். நாற்று நடவே தெரியாத நான்! எனக்கு வேண்டாம், தங்கச்சிக்குத்தான் என்று கையெழுத்து வைக்கத் தயாராக இருக்கிறேன். அதற்கும் முதலில் தம்பியின் பெயருக்கு ஒரு முடிவு வேண்டும் என்கிறார்கள்.

இனி உன் விசயத்துக்கு வருகிறேன். அப்பாவிடம் இருப்பது பேமிற்றா, அரசாங்கம் தந்த அளிப்புப் பத்திரமா, நொத்தாரிசு உறுதியா என்று முதலில் கேள். உருத்திரபுரத்தில் பலரிடம் மூன்றும் கலந்து இருக்கிறது. அளிப்பு என்றாலும் உறுதியாக்கும் என்று நினைத்துவிடாதே, அதற்கும் இதே பின்னுரித்துச் சட்டம்தான். பிறகு பின்னுரித்தாளராக யார் பெயர் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் பார்க்கச் சொல். உன் அம்மாவின் பெயரைப் பதிந்துவிட்டு, அவர் போன பிறகு மாற்றாமல் விட்டிருந்தால் இப்போதே மாற்ற வேண்டும். செல்லப்பிள்ளை என்று உன் பெயரை எழுதியிருந்தால் அதுவும் வில்லங்கம். அப்பா காலமாகி ஆறு மாதத்துக்குள் நீ வந்து காணியைப் பொறுப்பெடுக்காவிட்டால் உரிமை போய்விடும். ரொறன்ரோவில் இருந்துகொண்டு அது நடக்காது. உன் தம்பி உழுகிற காணி அவன் பெயரில் இருப்பதுதான் சரி. நீ குறை நினைக்க மாட்டாய் என்று தெரியும், ஆனால் அதை உன் வாயால் அப்பாவிடம் சொல். தம்பி கேட்டால் காணிக்கு ஆசைப்படுகிறான் என்று மனம் நோவார்.

வேறு உறுதிக் காணி இருந்து, உன் கையெழுத்துத் தேவைப்பட்டால், உனக்காக வேறொருவர் கையெழுத்து வைக்க விடுகிற அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டி வரும். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தியதாக இருக்க வேண்டும். அதற்கு நாளெடுக்கும். அது தேவைப்படும்போது எழுதுகிறேன்.

உன் தம்பியிடம் சொல்லி அப்பாவின் பத்திரத்தை முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து எனக்கு வைபரில் போடச் சொல். பின்பக்கத்தை ஒருவரும் பார்ப்பதில்லை, பெயர்கள் அங்கேதான் இருக்கும். தைப்பொங்கல் கழிந்து நான் கந்தோர்ப் பக்கம் போக இருக்கிறேன், அப்போது கேட்டுச் சொல்கிறேன். வரும்போது அம்மாவின் முழங்காலுக்குப் பூசுகிற அந்தப் பச்சை ரியூப் இரண்டு கொண்டுவா, இங்கே கிடைப்பது சரிவரவில்லை.

அன்புடன்,
தேவி